எழுதியவர், தொகுத்த சபை, காத்த படிகள்: கிறிஸ்தவத் திருநூலின் வரலாறு

கிறிஸ்தவர் அனைவரும் ஒரே நூலைத் திருநூலாகப் போற்றுகின்றனர் என்பது பொதுவான எண்ணம். ஆயினும் அந்நூலில் அடங்கியவை எவை என்று கேட்டால் எல்லாச் சபைகளும் ஒரே விடையைத் தருவதில்லை. புராட்டஸ்டண்ட் சபையினரின் வேதாகமத்தில் 66 நூல்களும் கத்தோலிக்கரின் விவிலியத்தில் 73 நூல்களும் உள்ளன; எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை தன் திருநூலில் 81 நூல்கள் இருப்பதாக எண்ணுகிறது; பெஷீத்தா எனப்படும் பழைய சிரியமொழிப் பெயர்ப்பிலோ புதிய ஏற்பாடு 27 நூல்களாக அல்லாமல் 22 நூல்களோடு நின்றது. இவ்வேறுபாடுகளை எதிரிகளின் வாதத்துக்குத் தீனியாகக் கருதி மறைப்பவர்களும் உண்டு. இவற்றைக் கொண்டே திருநூலின் மதிப்பைக் குலைத்துவிடலாம் என்று நம்புபவர்களும் உண்டு. இருவருமே அந்நூலின் வரலாற்றைப் பொறுமையாகப் படிக்கத் தவறியவர்கள்.

கிறிஸ்தவ இறையியல் திருநூலைப் பற்றி மூன்று கோட்பாடுகளை முன்வைக்கிறது. மனிதர் எழுதிய அந்நூல்கள் கடவுளின் ஆவியால் தூண்டப்பெற்று எழுதப்பட்டவை என்பது ஏவுதல் பற்றிய கோட்பாடு. அவ்வாறு ஏவப்பட்டவை இன்னின்ன நூல்களே என்று சபை கண்டறிந்து ஏற்ற வரையறை திருமுறை எனப்படுகிறது. முதலில் எழுதப்பட்டது தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்பட்டபோதும் அதன் உள்ளடக்கம் அழியாமல் காக்கப்பட்டது என்பது பாதுகாப்பு பற்றிய கோட்பாடு. இம்மூன்றும் அமைதியான நூலகங்களில் ஒருங்கே வகுக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு நெருக்கடியின்போது, அந்நெருக்கடிக்கு விடைகாணும் முயற்சியில் கூர்மை பெற்றது. அந்த நெருக்கடிகளை அறியாமல் கோட்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்பவர்க்கு அதன் பொருள் பாதியே விளங்கும்.

ஏவுதலும் எழுதியவரும்

ஏவுதலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தையும் பேதுருவின் இரண்டாம் கடிதத்தின் முதல் அதிகாரத்தையும் எடுத்துக்காட்டுவர். முன்னது மறைநூல் முழுவதும் கடவுளின் மூச்சினின்று வந்தது என்றும், பின்னது இறைவாக்கினர் தூய ஆவியால் உந்தப்பட்டுப் பேசினர் என்றும் கூறுகின்றன. ஆனால் ஏவுதல் நிகழ்ந்த விதத்தை இவ்விரு பகுதிகளும் விளக்கவில்லை. அதை அறிய விரும்புவோர்க்கு எரேமியா நூலின் 36-ஆம் அதிகாரம் இன்னும் நெருக்கமான காட்சியைத் தருகிறது. யூதாவின் அரசன் யோயாக்கீமின் நான்காம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 605 அளவில், எரேமியா வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல, நேரியாவின் மகன் பாரூக்கு அவற்றை மையால் ஒரு சுருளில் எழுதுகிறார். மறு ஆண்டின் குளிர்காலத்தில் அச்சுருள் அரண்மனையில் வாசிக்கப்படுகிறது. மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்படும்போதெல்லாம் அரசன் எழுத்தரின் சூரிக்கத்தியால் அப்பகுதியை அறுத்துத் தனக்கு முன்னிருந்த கணப்பில் எறிகிறான்; இப்படியே சுருள் முழுவதும் எரிந்து போகிறது. அதன்பின் எரேமியா மீண்டும் சொல்ல, பாரூக்கு மற்றொரு சுருளை எழுதுகிறார். முந்தைய சொற்களோடு அவற்றை ஒத்த வேறு பல சொற்களும் அதில் சேர்க்கப்பட்டன என்று அந்த அதிகாரமே கூறி முடிக்கிறது.

இறைவாக்கு என்று போற்றப்படும் ஒரு நூல், தனக்கு எழுத்தர் ஒருவர் தேவைப்பட்டதையும் தன் முதற்படி தீக்கிரையானதையும் இரண்டாம் படி விரிவடைந்ததையும் ஒளிவுமறைவின்றிப் பதிந்து வைத்திருக்கிறது. லூக்காவும் தம் நற்செய்தியின் தொடக்கத்தில், தமக்கு முன் பலர் எழுத முற்பட்டதையும், தாம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கவனமாய் ஆராய்ந்து ஒழுங்காக எழுதுவதையும் ஓர் ஆய்வாளரின் நடையில் சொல்கிறார். ஆகவே மனித உழைப்பை விலக்கிவிட்டு ஏவுதலை விளக்க முற்படுவது திருநூலின் சொந்தச் சான்றுக்கே பொருந்தாது.

ஆயினும் தொடக்ககாலச் சபைத் தந்தையருள் சிலர் மனிதப் பங்கை மிகவும் சுருக்கியே கண்டனர். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அத்தேனகோரா, குழல் ஊதுபவர் குழலில் மூச்சைச் செலுத்துவது போல ஆவியானவர் இறைவாக்கினரைப் பயன்படுத்தினார் என்று எழுதினார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிகியா நாட்டில் எழுந்த மொந்தானியர் இயக்கம், தன்னிலை மறந்த பரவசத்தில் புதிய இறைவாக்குகளை அறிவிக்கத் தொடங்கியபோது, அறிவு மயங்குவது ஏவுதலுக்கு அடையாளமாகுமா என்ற கேள்வி சபைக்குள் எழுந்தது. இறைவாக்கினர் தம் அறிவை இழக்காமலே பேசினர் என்ற கருத்து அப்போதுதான் வலுப்பெற்றது. 13-ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினா, கடவுளை முதன்மை ஆசிரியராகவும் மனிதரைக் கருவியாகும் ஆசிரியராகவும் கொண்டு இதற்கு ஒழுங்கான விளக்கம் அளித்தார். 1965 நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கம், மனித எழுத்தாளர்களை உண்மையான ஆசிரியர்கள் என்றே அழைத்தது. நம் மீட்புக்காகக் கடவுள் பதிவுசெய்ய விரும்பிய உண்மையைத் திருநூல் பிழையின்றிக் கற்பிக்கிறது என்றும் வரையறுத்தது. புராட்டஸ்டண்ட் தரப்பில், 1978-இல் சிகாகோவில் கூடிய சுவிசேஷகப் பிரிவு அறிஞர்கள், வரலாறு, அறிவியல் சார்ந்த கூற்றுகளையும் உள்ளடக்கிப் பிழையின்மையைக் கோரினர். ஆனால் ஏவுதல் கண்டிப்பான பொருளில் ஆசிரியரின் மூலப்படிகளுக்கே உரியது என்றும் ஒப்புக்கொண்டனர். அம்மூலப்படிகளில் ஒன்றேனும் இன்று எங்கும் இல்லை. எனவே ஏவுதலைப் பற்றிய பேச்சு, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், தொகுப்பையும் படியெடுப்பையும் பற்றிய பேச்சாக விரிந்தே தீரும்.

நூல்களை ஒப்படைக்கக் கேட்டபோது

திருமுறை எவ்வாறு உருவாயிற்று என்பதைப் பற்றி மக்களிடையே நிலவும் தவறான கருத்துகளுள் முதன்மையானது, கி.பி. 325-இல் கான்ஸ்டன்டைன் பேரரசர் கூட்டிய நிக்கேயா சங்கம் வாக்கெடுத்து நூல்களைத் தேர்ந்தெடுத்தது என்பதாகும். அச்சங்கம் இயற்றிய 20 விதிகளுள் ஒன்றுகூடத் திருநூல்களின் பட்டியலைப் பற்றியதன்று. நூல்களை வரையறுக்கும் தேவை அதற்கு நெடுங்காலம் முன்பே, சபைக்குள் எழுந்த பிரிவாலும் வெளியே எழுந்த துன்புறுத்தலாலும் உண்டாகிவிட்டது.

பிரிவை உண்டாக்கியவர் பொந்து நாட்டைச் சேர்ந்த மார்சியோன். பழைய ஏற்பாட்டின் கடவுள் இயேசுவின் தந்தையாக இருக்க முடியாது என்று போதித்த இவர், பழைய ஏற்பாட்டை முழுவதும் தள்ளினார். லூக்கா நற்செய்தியைத் தம் கொள்கைக்கேற்பச் சுருக்கிக்கொண்டு, அதனோடு பவுலின் பத்துக் கடிதங்களை மட்டும் ஏற்றார். கி.பி. 144-இல் ரோமைச் சபை இவரை விலக்கியது. குறுகிய தொகுப்பை ஒருவர் முன்வைத்ததும், தாம் இதுவரை வழிபாட்டில் வாசித்து வந்தவை எவை, ஏன் என்பதைச் சபைகள் எண்ணிப்பார்க்க வேண்டியதாயிற்று. கி.பி. 180 அளவில் லியோன் ஆயர் இரேனியு, நற்செய்திகள் நான்கே, கூடவுமில்லை குறையவுமில்லை என்று வாதிட்டார். கி.பி. 200 அளவில் அந்தியோக்கியா ஆயர் செராப்பியோன், ரோசு என்னும் ஊர்ச் சபையில் வாசிக்கப்பட்ட பேதுரு நற்செய்தி என்ற நூலை முதலில் படித்துப்பார்க்காமலே அனுமதித்தார். பின்னர் அதை வாங்கிப் படித்தபோது, பெரும்பகுதி சரியாயிருந்தாலும் இயேசுவின் உடலை வெறும் தோற்றம் எனக் கருதுவோரின் கருத்து அதில் கலந்திருப்பதைக் கண்டு அனுமதியை விலக்கிக்கொண்டார். ஒரு நூல் திருத்தூதரின் பெயரைத் தாங்கியிருப்பது மட்டும் போதாது, அது தொன்றுதொட்டுப் பெற்ற விசுவாசத்தோடு ஒத்திருக்க வேண்டும், பல சபைகளில் வழிபாட்டில் வாசிக்கப்பட்டு வந்திருக்க வேண்டும் என்ற அளவுகோல்கள் இவ்வாறு நடைமுறையிலேயே தெளிவுபெற்றன.

துன்புறுத்தல் அதைவிடக் கடுமையான கேள்வியை எழுப்பியது. கி.பி. 303-இல் பேரரசர் தியோக்கிலேசியன், ஆலயங்களை இடிக்கவும் கிறிஸ்தவ நூல்களை எரிக்கவும் ஆணையிட்டார். அவ்வாண்டு மே 19 அன்று, வட ஆப்பிரிக்காவின் நுமிதியா மாநிலத்துச் சிர்த்தா நகரில், அதாவது இன்றைய அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில், அதிகாரிகள் நடத்திய சோதனையின் பதிவேடு, பின்னாளில் 320-இல் நடந்த ஒரு விசாரணையில் சான்றாக முன்வைக்கப்பட்டதால் அழியாமல் கிடைத்துள்ளது. கிறிஸ்தவர் கூடிய வீட்டுக்குள் நகரத் தலைவர் நுழைகிறார். பொன் கிண்ணங்கள், வெள்ளிக் கிண்ணங்கள், விளக்குகள், ஏழைகளுக்கு வழங்க வைத்திருந்த உடைகள், காலணிகள் என ஒவ்வொன்றும் எண்ணி எழுதப்படுகின்றன. புத்தக அலமாரிகள் வெறுமையாக இருக்கின்றன. நூல்கள் வாசகர்களிடம் இருக்கின்றன என்று ஆயர் பவுல் சொல்கிறார். வாசகர் என்போர் வழிபாட்டில் திருநூலை உரக்கப் படிக்கும் பொறுப்புப் பெற்றவர்கள். அவர்களே நூல்களைத் தம் வீடுகளில் பேணினர். அவர்களைக் காட்டும்படி கேட்டபோது, காட்டிக்கொடுப்பவர் நாங்கள் அல்லர், வேண்டுமானால் எங்களைக் கொல்ல ஆணையிடுங்கள் என்று துணைத் திருத்தொண்டர் இருவர் மறுக்கின்றனர். வேறு சிலர் பெயர்களைச் சொல்லிவிடுகின்றனர். பிறகு வீடுவீடாகச் சோதனை நடக்கிறது. ஒரு வீட்டில் நான்கு நூல்கள், மற்றொன்றில் ஐந்து, வேறொன்றில் எட்டு. இலக்கண ஆசிரியராயிருந்த விக்டர் வீட்டில் இரண்டு நூல்களும் தைக்கப்படாத நான்கு ஏட்டுக்கட்டுகளும். வீட்டில் இல்லாத ஒருவரின் மனைவி தாமே எடுத்துவந்து தந்த ஆறு நூல்கள் என்று எழுத்தர் குறித்துச் செல்கிறார்.

இப்பதிவேடு இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநூல் என்பது ஒரே அட்டைக்குள் தைக்கப்பட்ட ஒரு நூலன்று, பலருடைய வீடுகளில் பிரிந்திருந்த பல நூல்கள் என்பது ஒன்று. எந்த நூலைக் கொடுத்தால் துரோகம், எதைக் கொடுத்தால் குற்றமில்லை என்பதை ஒவ்வொரு கிறிஸ்தவரும் உயிரைப் பணயம் வைத்து முடிவுசெய்ய வேண்டியிருந்தது என்பது மற்றொன்று. கார்த்தேஜ் ஆயர் மென்சூரியு, திருநூல்களை ஒளித்துவைத்துவிட்டு, தவறான போதனை அடங்கிய நூல்களை ஆலயத்தில் விட்டுவைத்து அதிகாரிகள் எடுத்துச்செல்லவிட்டதாக எழுதினார். நூல்களை ஒப்படைத்த ஆயர்களின் திருப்பணி செல்லுமா என்ற சச்சரவு தொனாத்தியர் பிரிவினையாக வெடித்து, ஆப்பிரிக்கத் திருச்சபையை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பிளந்தது. திருமுறையின் எல்லையை வரைந்தவர்களுள் பெயரறியாத இந்த வாசகர்களும் அடங்குவர் என்று சொல்வது மிகையாகாது.

பட்டியல்களும் அவற்றின் வேறுபாடும்

அமைதி திரும்பியபின் பட்டியல்கள் எழுதப்பட்டன. வரலாற்றாசிரியர் யூசேபியு, எல்லோரும் ஏற்பவை, சிலர் ஐயுறுபவை, ஏற்கத்தகாதவை என நூல்களை வகைப்படுத்தினார். யாக்கோபு, யூதா, பேதுருவின் இரண்டாம் கடிதம், யோவானின் இரண்டாம் மூன்றாம் கடிதங்கள் ஆகியவற்றை இரண்டாம் வகையில் வைத்தார். கி.பி. 367-இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு தம் 39-ஆம் பாஸ்கா மடலில், இன்று எல்லாப் பெரிய சபைகளும் ஏற்கும் அதே 27 நூல்களைப் புதிய ஏற்பாடாகக் குறித்தார். இன்று கிடைக்கும் சான்றுகளுள் அந்த 27-ஐ மட்டும் குறிக்கும் முதற்பட்டியல் அதுவே. ஹிப்போவில் 393-இலும் கார்த்தேஜில் 397-இலும் கூடிய ஆப்பிரிக்க ஆயர் மன்றங்களும் அதே 27-ஐ உறுதிசெய்தன.

பழைய ஏற்பாட்டில் இத்தகைய ஒற்றுமை ஏற்படவில்லை. யூதரின் எபிரெயத் தொகுப்பு ஒன்று. கிறிஸ்தவருக்கு முன்பே கிரேக்கமொழி பேசிய யூதர் பயன்படுத்திய செப்துவஜிந்து எனப்படும் எழுபதின்மர் பெயர்ப்பு வழி வந்த விரிவான தொகுப்பு மற்றொன்று. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கு, பாரூக்கு, மக்கபேயர் ஆகியவை பின்னதில் உண்டு, முன்னதில் இல்லை. பெத்லகேமில் தங்கி எபிரெயத்திலிருந்து இலத்தீனுக்குப் பெயர்த்த ஜெரோம், எபிரெயத்தில் இல்லாதவற்றைத் தனித்து வைக்க விரும்பினார். அகுஸ்தீனோ, சபைகள் நெடுங்காலம் வாசித்து வந்தவற்றை விலக்கக் கூடாது என்றார். மேற்குத் திருச்சபை நடைமுறையில் அகுஸ்தீனைப் பின்பற்றியது. 1534-இல் முழு வேதாகமத்தையும் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட மார்ட்டின் லூத்தர் ஜெரோமின் நிலைக்குத் திரும்பி, அந்நூல்களை இரு ஏற்பாடுகளுக்கும் நடுவே வைத்து, திருநூலுக்குச் சமமானவை அல்ல எனினும் படிப்பதற்கு நல்லவை என்று குறித்தார். 1546 ஏப்ரல் 8 அன்று திரிதெந்து சங்கம் அவற்றை முழுமையான திருநூல்களாக அறிவித்தது. தமிழ்க் கத்தோலிக்கர் அவற்றை இணைத்திருமுறை நூல்கள் என்றும், தமிழ்ப் புராட்டஸ்டண்டார் தள்ளுபடியாகமங்கள் என்றும் வழங்குவது இந்தப் பிரிவின் நேரடி விளைவு. கேரளத்தின் மார்த்தோமா கிறிஸ்தவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. 1599-இல் கோவா பேராயர் மெனெசஸ் கூட்டிய உதயம்பேரூர் மன்றம், அவர்களுடைய சிரியமொழித் திருநூலில் இல்லாத நூல்களை இலத்தீன் வழியில் சேர்க்கும்படி பணித்தது.

இவ்வரலாற்றிலிருந்து இரு வகையான விளக்கங்கள் பிறந்தன. சபையே திருமுறையை அதிகாரத்துடன் வரையறுத்தது என்று கத்தோலிக்க மரபு அழுத்திச் சொல்லும். ஏவப்பட்ட நூல்கள் தம் தன்மையாலேயே தம்மை உணர்த்தின, சபை அதைக் கண்டுகொண்டது மட்டுமே என்று சீர்திருத்த மரபு அழுத்திச் சொல்லும். சான்றுகளை நோக்கினால், கட்டளையால் திணிக்கப்பட்ட நூல் என்று எதையும் காட்ட முடியாது. வாசிக்கும் மக்களின்றித் தானே நிலைபெற்ற நூல் என்றும் எதையும் காட்ட முடியாது.

எபிரெயப் பாடமும் உயிர்க்குறிகளும்

பாதுகாப்பைப் பற்றிய கேள்வி சீர்திருத்தக் காலத்திலேதான் கூர்மையாயிற்று. திருநூல் ஒன்றே போதிய அதிகாரம் என்று சொன்னவர்களிடம், அத்திருநூலின் பாடம் உறுதியானதா என்று எதிர்த்தரப்பு கேட்பது இயல்பே. எபிரெயம் தொடக்கத்தில் மெய்யெழுத்துகளால் மட்டுமே எழுதப்பட்டது. பழைய ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளியிடாமலும் எகர ஏகார வேறுபாடு காட்டாமலும் எழுதியதைத் தமிழறிந்தோர் பொருளுணர்ந்து வாசித்தது போல, யூதர் உயிரொலிகளை மரபறிவால் சேர்த்து வாசித்தனர். மெய்களுக்கு மேலும் கீழும் இடப்பட்ட உயிர்க்குறிகளைச் சேர்த்தவர்கள், கலிலேயக் கடலோரத்துத் திபேரியா நகரில் 10-ஆம் நூற்றாண்டு வரை உழைத்த மசோரேத்தர் என்னும் மரபறிஞர்கள் ஆவர். இக்குறிகள் பிற்காலத்தவை என்று 1538-இல் யூத இலக்கண அறிஞர் எலியா லேவித்தா நிறுவியபோது, அப்படியானால் எபிரெயத் திருநூலைச் சபை மரபின் துணையின்றி வாசிக்க இயலாது என்று கத்தோலிக்கர் சிலர் வாதிட்டனர். அதற்கு அஞ்சிய புராட்டஸ்டண்ட் அறிஞர் பலர், உயிர்க்குறிகளும் மோசே அல்லது எஸ்றா காலத்திலேயே ஏவப்பட்டவை என்று வாதித்தனர். 1624-இல் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டான லூயி காப்பெல், லேவித்தா கூறியதே சரி என்று விரிவான சான்றுகளோடு காட்டினார். ஆயினும் 1675-இல் சுவிட்சர்லாந்துச் சபைகள் வெளியிட்ட இணக்க அறிக்கை, மெய்யெழுத்துகள் மட்டுமல்ல, உயிர்க்குறிகளும், குறைந்தது அவற்றின் ஒலிமதிப்பும் ஏவப்பட்டவையே என்று அறிவித்தது. அந்த அறிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. விசுவாசத்தைக் காக்க வரலாற்றுக்கு மாறான ஒன்றைக் கோட்பாடாக்கினால் கோட்பாடே தளரும் என்பதற்கு இது தெளிவான படிப்பினை.

மசோரேத்தரின் உண்மையான தொண்டு இதைவிடப் பெரியது. அவர்கள் ஒவ்வொரு நூலின் வசனங்களையும் சொற்களையும் எண்ணி ஓரங்களில் குறித்தனர்; பாடத்தில் ஒரு சொல் தவறாகத் தோன்றியபோதும் அதை மாற்றத் துணியாமல், எழுதப்பட்டது இது, வாசிக்க வேண்டியது இது என்று இரண்டையும் காட்டினர். இன்றைய எபிரெயப் பதிப்புகளுக்கு அடிப்படையான லெனின்கிராடு சுவடி 1008-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1947 முதல் சாக்கடலருகே கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில், ஏறக்குறைய ஏழேகால் மீட்டர் நீளமும் 54 பத்திகளும் கொண்ட எசாயா சுருள், அச்சுவடிக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான மூப்புடையது. எழுத்துக்கூட்டு வேறுபாடுகளும் சிறிய சொல்வேறுபாடுகளும் பல இருப்பினும், எசாயா நூல் அதே நூலாகவே அதில் உள்ளது. அதே குகைகளில் கிடைத்த எரேமியா துண்டுகளோ வேறொரு செய்தியைத் தந்தன. கிரேக்கப் பெயர்ப்பில் எரேமியா எபிரெயத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறுகியது. அது பெயர்ப்பாளரின் குறை என்று பலர் எண்ணியிருந்தனர். ஆனால் அக்குறுகிய வடிவத்தை ஒத்த எபிரெயத் துண்டே கும்ரானில் கிடைத்தது. எரேமியாவின் நூல் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் வழங்கி வந்தது என்பது இதனால் உறுதியாயிற்று. இரண்டாம் சுருளில் பல சொற்கள் சேர்க்கப்பட்டன என்று கூறும் நூலைப் பொறுத்தவரை இது வியப்புக்குரியதன்று.

முப்பதாயிரம் பாடபேதங்கள்

புதிய ஏற்பாட்டின் கிரேக்கக் கைப்படிகள் இன்று ஐயாயிரத்துக்கும் மேல் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று, மான்செஸ்டர் நகரின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ள பாப்பிரஸ் துண்டு. ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் உயரமும் 6 சென்டிமீட்டர் அகலமும் உள்ள அத்துண்டின் இருபுறமும் யோவான் 18-ஆம் அதிகாரத்தின் சில வரிகள், இயேசு பிலாத்துவின் முன் நிற்கும் பகுதி, சிதைந்த நிலையில் காணப்படுகின்றன. 1935-இல் வெளியிடப்பட்ட அதை அறிஞர் பெரும்பாலோர் இரண்டாம் நூற்றாண்டினதாகக் கொள்வர். நான்காம் நூற்றாண்டின் சினாய்ச் சுவடியில், எழுதியவர்களும் பின்வந்தவர்களும் செய்த திருத்தங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. படியெடுத்தவர்கள் பிழை செய்தார்கள், தம் பிழையை அறிந்து திருத்தவும் செய்தார்கள் என்பதை அதன் ஒவ்வொரு பக்கமும் காட்டுகிறது.

1707-இல் ஆக்ஸ்போர்டின் ஜான் மில், முப்பது ஆண்டு உழைப்பின் பயனாக ஏறத்தாழ 30,000 பாடபேதங்களைக் குறித்த கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். பாடம் இவ்வளவு நிலையற்றதானால் அதன்மேல் மதத்தைக் கட்டுவது எவ்வாறு என்று கட்டற்ற சிந்தனையாளர்கள் கேட்டனர். கேம்பிரிட்ஜின் ரிச்சர்ட் பென்ட்லி 1713-இல் அளித்த மறுமொழி இன்றும் செல்லுபடியாகும்: மில் பேதங்களை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்தவற்றைக் காட்டினார், ஒரே ஒரு படி கிடைத்த பழைய நூலில் பேதம் இராது, ஆனால் பிழையைக் கண்டுபிடிக்க வழியும் இராது, படிகள் பெருகப் பெருகப் பேதங்களும் பெருகும், மூலத்தை மீட்கும் வாய்ப்பும் அத்தோடு பெருகும். வூர்ட்டம்பெர்க் நாட்டின் ஜோஹான் ஆல்பிரெக்ட் பெங்கெல், மில் காட்டிய பேதங்களால் இளமையில் மனம் கலங்கிய பக்தர். அக்கலக்கமே அவரைச் சுவடிகளை ஒப்பிடும் ஆய்வுக்குத் திருப்பியது. 1734-இல் அவர் வெளியிட்ட பதிப்பு சுவடிகளைக் குடும்பங்களாகப் பிரித்தது. படியெடுப்பவர் கடினமானதை எளிதாக்குவாரேயன்றி எளிதானதைக் கடினமாக்கமாட்டார் என்பதால், கடினமான பாடமே பெரும்பாலும் பழமையானது என்ற விதியையும் வகுத்தது. எந்தப் பாடபேதமும் விசுவாசத்தின் அடிப்படையை அசைக்கவில்லை என்பது அவர் தம் ஆய்வின் முடிவில் அடைந்த உறுதி.

தமிழ் வேதாகமத்தில் ஒரு சான்று

இப்பொருள் தமிழருக்குத் தொலைவானதன்று. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு, கிரேக்கத்திலிருந்து பெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714-15-இல் அங்கேயே அச்சாயிற்று. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை பெயர்த்து அவர் மறைய, பெஞ்சமின் சூல்ட்சே அப்பணியை முடித்தார். அதன்பின் பெப்ரிசியு, பவர் ஆகியோரின் உழைப்பும் சேர்ந்து, தமிழ்ப் புராட்டஸ்டண்ட் ஆலயங்களில் இன்றும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு உருவாயிற்று. 1826-இல் பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் தள்ளுபடியாகமங்களை அச்சிடப் பொருளுதவி செய்வதில்லை என்று முடிவெடுத்தது, அச்சங்கம் வழிவந்த வேதாகமங்கள் 66 நூல்களோடு பரவியதற்கு முக்கியக் காரணம்.

அப்பழைய மொழிபெயர்ப்பில் யோவானின் முதற்கடிதம் ஐந்தாம் அதிகாரத்தின் ஏழாம் வசனம், பரலோகத்தில் பிதா, வார்த்தை, ஆவி என்னும் மூவர் சாட்சியிடுவதாகச் சொல்கிறது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டாரும் இணைந்து 1995-இல் வெளியிட்ட திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் அவ்வசனத்தின் பாடத்தில் ஆவி, நீர், இரத்தம் என்னும் மூன்றே சான்றுகளாக உள்ளன. இதைக் கண்டு, புதிய மொழிபெயர்ப்பு திரித்துவத்தை நீக்கிவிட்டது என்று கலங்குவோர் உண்டு. உண்மையில், அந்த விரிந்த பாடம் இலத்தீன் மரபில் வளர்ந்தது; பழைய கிரேக்கச் சுவடிகள் எதிலும் இல்லை. அதனாலேயே எராஸ்மு 1516-இலும் 1519-இலும் வெளியிட்ட கிரேக்கப் பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. கடுமையான எதிர்ப்பு எழுந்து, அப்பாடம் அடங்கிய பிற்காலக் கைப்படி ஒன்றும் முன்வைக்கப்பட்டபின், 1522-இன் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அவ்வழியே அது அச்சுப் பதிப்புகளிலும் பல மொழிபெயர்ப்புகளிலும் நுழைந்தது. நான்காம் நூற்றாண்டில் திரித்துவத்துக்காக வாதாடிய கிரேக்கத் தந்தையர் இவ்வசனத்தைச் சான்று காட்டவில்லை. அவர்களுடைய நூலில் அது இல்லை. அதன் உதவியின்றியே அக்கோட்பாடு நிறுவப்பட்டது.

திருநூலின் பாதுகாப்பு என்பது பிழையற்ற ஒரே படி எங்கோ பத்திரமாய் வைக்கப்பட்டிருப்பது அன்று. ஏவுதல் மனித ஆசிரியரை விலக்காதது போலவும், திருமுறை வாசிக்கும் சபையை விலக்காதது போலவும், பாதுகாப்பும் படியெடுத்தவரின் கையை விலக்கவில்லை. ஓரிடத்துப் பிழையை வேறிடத்துப் படி திருத்தும்படி பல மொழிகளிலும் பல நாடுகளிலும் பரவியிருந்ததே அந்நூலுக்கு வாய்த்த காவல். யோயாக்கீமின் கணப்பும் தியோக்கிலேசியனின் ஆணையும் தோற்றது அப்பரவலால்தான். ஆகையால் திருநூலை நேசிக்கும் தமிழ் வாசகர், தம் கையிலுள்ள பதிப்பின் அடிக்குறிப்புகளையும் முன்னுரையையும் தாண்டிச் செல்லாமல் படிக்க வேண்டும். ஞாயிறு பள்ளிகளிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் வசனங்களோடு அவ்வசனங்கள் வந்துசேர்ந்த வழியையும் கற்பிக்க வேண்டும். அவ்வழியை அறிந்தவருடைய விசுவாசத்தை ஓர் அடிக்குறிப்பு கலங்கச் செய்யாது.